ஸ்பிரேய வீட்லயே வச்சுட்டுப் போ

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு. அடுத்த மாசம் முதல் தடவையா தனியா வெளிநாடு போறேன். மொத்தம் 12 நாள், லண்டன்ல ஆரம்பிச்சு இன்னும் ரெண்டு நாடு. டிக்கெட் போட்டதுலேர்ந்து யாரப் பாத்தாலும் பயமுறுத்துறாங்க. கடத்தல், கொள்ளைனு வீடியோவா பாத்து எனக்கும் தூக்கம் போச்சு. பெப்பர் ஸ்பிரே ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டேன். பணத்த எங்க ஒளிச்சு வைக்கிறது, வேற என்னெல்லாம் வாங்கணும், சொல்லுங்க.

பதில்: முதல்ல அந்த ஸ்பிரேய எடுத்து அலமாரிக்குள்ள வை மா. பிரிட்டன்ல அத பையில வச்சிருந்தாலே குத்தம், அங்க சட்டப்படி அதுவும் துப்பாக்கி வகையறாதான். விமானத்துல கைப்பையில கொண்டு போகவும் விடமாட்டாங்க. பாதுகாப்புக்குனு வாங்கின சாமானாலயே போலீஸ்ல போய் நிக்கிற நிலைமை உனக்கு எதுக்கு.

உன் லெட்டர்ல என்ன வாங்கணும் என்ன வாங்கணும்னுதான் இருக்கு, எந்த நேரத்துல ஏமாறுவோம்னு ஒரு வரி கூட இல்ல. என்னக் கேட்டா ஆள் ஏமாறுறது விமானத்த விட்டு இறங்கின முதல் ரெண்டு மூணு மணி நேரத்துலதான். ராத்திரி பூரா தூக்கம் இல்ல, காது அடைச்சுக்கிட்டு இருக்கு, போன்ல சார்ஜ் போகப் போகுது, நெட் வரல, கையில ரெண்டு பெட்டி, அப்ப எவனாவது சிரிச்ச முகத்தோட வந்து ஹெல்ப் வேணுமானு கேட்டா சாமி மாதிரி தெரிவான். எனக்கு அப்படித்தான் ஆச்சு. ஒரு பெரிய ஊர் மெட்ரோ ஸ்டேஷன்ல டிக்கெட் மெஷின் முன்னாடி முழிச்சுட்டு நின்னேன், நல்லா டிரஸ் பண்ணின ஒருத்தர் வந்து, இந்த மெஷின் வெளியூர் கார்ட எடுக்காது, என் கார்டுல ஒரு வாரத்துக்கு எடுத்துத் தர்றேன், நீங்க காசா குடுத்துடுங்கனு சொன்னார், நானும் நன்றி சொல்லி எண்ணிக் குடுத்தேன். கேட்ல போட்டுப் பாத்தா அது ஒரே ஒரு தடவ போற குழந்தைங்க டிக்கெட். நான் ஒண்ணும் முட்டாள் இல்ல (என் வீட்டுக்காரர் கருத்து வேற), அந்த நேரத்துல எனக்கு யோசிக்கத் தெம்பு இல்ல, அவ்ளோதான்.

அதனால யோசிக்கிற வேலைய எல்லாம் வீட்லயே முடிச்சுடு. ஒரு தாள் எடு, போன்ல இல்ல, நிஜத் தாள். ஏர்போர்ட்லேர்ந்து ரூமுக்கு எதுல போகப் போற, எங்க ஏறி எங்க இறங்கணும், ரூம் அட்ரஸ் அந்த ஊர் எழுத்துலயே, அவசர நம்பர், உன் நாட்டுத் தூதரக நம்பர், கார்ட பிளாக் பண்ற பேங்க் நம்பர், வீட்டு ஆள் ரெண்டு பேர் நம்பர். அவசர நம்பர் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய யூனியன் முழுக்க 112, அமெரிக்கால 911, ஜப்பான்ல போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. லண்டன்ல 999, அங்க 112 போட்டாலும் போகும். டாக்சினா முன்னாடியே புக் பண்ணு, இல்ல வெளிய இருக்கிற டாக்சி ஸ்டாண்டுல வரிசைல நில்லு. உள்ளயே வந்து டாக்சி டாக்சினு கூப்பிடற ஆள் பின்னாடி மட்டும் போயிடாத.

இப்ப ஒளிச்சு வைக்கிற விஷயம். எங்க ஒளிக்கிறதுங்கிறத விட எத்தன இடமா பிரிக்கிறதுங்கிறதுதான் முக்கியம். ஒரு கார்டும் அன்னிக்கு செலவுக்கான பணமும் வெளிப் பர்ஸ்ல, இன்னொரு கார்டும் மிச்சப் பணமும் துணிக்கு உள்ள கட்ற பவுச்ல. அந்த பவுச்ச நடு ரோட்ல திறக்காத, திறந்தா அது எங்க இருக்குனு நீயே காட்டிக் குடுத்த மாதிரி, பாத்ரூம்ல வச்சு எடு. பாஸ்போர்ட் தேதிய இன்னிக்கே பாரு, நிறைய நாடுங்க இன்னும் 6 மாசம் பாக்கி இருக்கணும்னு கேக்கும். அதோட காப்பி ஒண்ணு பெட்டில, ஒண்ணு உன் மெயில்ல. தொலைஞ்சு போச்சுனு ஒரு தடவ புகார் குடுத்துட்டா அப்புறம் சோபா சந்துல கிடைச்சாக் கூட அதுல பயணம் பண்ணாத, நம்பர் இன்டர்போல் பட்டியல் வரைக்கும் போயிருக்கும், பார்டர்ல நிறுத்திடுவாங்க.

பேங்க் ஓடிபி எந்த சிம்முக்கு வருதோ அதுக்கு ரோமிங் போட்டுக்கோ. அங்க போய் புது சிம் மாட்டிட்டு பழசக் கழட்டி எங்கயோ வச்சுட்டு, ஓடிபி வரலயேனு அழுதவங்கள எனக்குத் தெரியும்.

மருந்து எடுத்துட்டுப் போறதா இருந்தா டாக்டர் சீட்டோட, கம்பெனி டப்பாலயே எடுத்துட்டுப் போ. நீ போற ஒவ்வொரு நாட்டுலயும் அது ஓகேவானு அந்த நாட்டுத் தூதரக சைட்ல பாத்துக்கோ. கோடீன்ங்கிற வலி, இருமல் மருந்து கலந்த மாத்திரைக்கு துபாய் இருக்கிற அரபு எமிரேட்ஸ்ல முன்கூட்டி அனுமதி வாங்கணும். ஜப்பான்ல சில சாதாரண ஜலதோஷ மாத்திரைக்கே தடை.

போலீஸ்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் ரோட்ல நிறுத்தி, பர்ஸ்ல இருக்கிற நோட்டு கள்ள நோட்டானு பாக்கணும்னு கேட்டா, குடுக்காத. ஸ்டேஷனுக்கே வர்றேன், அங்க காட்டறேன்னு சொல்லு, போலியா இருந்தா அப்பவே நழுவிடுவான். நிஜமாவே அரெஸ்ட்னு ஆகிட்டா, என் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கனு கேளு, 1963 வியன்னா ஒப்பந்தப்படி அது உன் உரிமை. அதுக்கு முன்னாடி புரியாத பாஷைல இருக்கிற எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாத.

கடத்தல் வீடியோ பாக்குற நேரத்துல ரோட்டப் பத்தி யோசி. உலகம் பூரா வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 12 லட்சம் பேர் ரோட்டுல சாகறாங்க. வண்டி எதிர்ப் பக்கம் ஓடற ஊர்ல நம்ம கண்ணு பழக்க தோஷத்துல தப்பான பக்கமே பாக்கும். லண்டன்ல நம்ம ஊர் மாதிரி இடப் பக்கம்தான் வண்டி ஓடும், ஆனா வலப் பக்கம் பழகி வர்றவங்களுக்காக நிறைய கிராசிங்ல எந்தப் பக்கம் பாக்கணும்னு தரையிலயே பெருசா எழுதி வச்சிருக்காங்க, சும்மாவா எழுதினாங்க? வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கிற ஆசை இருந்தா உன் இன்சூரன்ஸ்ல அது உண்டானு படிச்சுட்டு எடு, நிறைய பாலிசில லைசென்சோ ஹெல்மெட்டோ இல்லேன்னா ஒரு பைசா தரமாட்டாங்க.

குடிக்கிற பழக்கம் உண்டா இல்லையானு நான் கேக்கல, ஆனா இலவசமா நீட்டுற கிளாஸ வாங்காத. 2024 நவம்பர்ல லாவோஸ்ல வாங் வியெங்குங்கிற ஊர்ல மெத்தனால் கலந்த சாராயத்தால 6 டூரிஸ்ட் செத்துப் போனாங்க, குடிக்கும்போது அது ருசிலயோ வாசனைலயோ தெரியாது.

ரூம் நம்பர ரிசப்ஷன்ல எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்திச் சொன்னா, வேற ரூம் குடுங்கனு கேளு, கூச்சமே படாத. படுக்கிறதுக்கு முன்னாடி, அவசரப் படிக்கட்டுக்கு உன் ரூம்லேர்ந்து எத்தன கதவுனு ஒரு தடவ நடந்து எண்ணிட்டு வந்துடு, புகை வந்தா கண்ணு தெரியாது, எண்ணிக்கைதான் கை குடுக்கும். போட்டோ போடணும்னா அந்த இடத்த விட்டுக் கிளம்பினதுக்கு அப்புறம் போடு.

உன்ன பயமுறுத்துற வீட்டு ஜனங்களுக்கும் ஒரு வேல குடு. அந்தத் தாளோட காப்பி ஒண்ணு அவங்க கிட்ட இருக்கட்டும். தினம் ஒரு மெசேஜ் போடறேன்னு சொல்லி, அது வரலேன்னா எத்தன மணி நேரம் பொறுக்கணும், அப்புறம் யாருக்குப் போன் பண்ணணும்னும் பேசி வச்சுடு. மெசேஜ் நேரத்த ராத்திரிக்கு வைக்காத, நீ அசந்து தூங்கிடுவ, இங்க அம்மா விடிய விடிய முழிச்சுட்டு உக்காந்திருப்பாங்க. காலைல ரூமப் பூட்டிட்டுக் கிளம்பறப்ப, இன்னிக்கு எங்க போறேங்கிறதையும் சேத்துப் போட்டுடு.