புல்வெளியில் கால் வைத்தால் இடுப்பளவு தண்ணீர்

அன்புள்ள சார்,
பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஆறு வருடமாக மென்பொருள் வேலை. செயற்கை நுண்ணறிவை வரைபடத் தரவோடு சேர்த்து ஆராய்ச்சி செய்ய ஆசை. பைத்தான் நிரல்மொழி தெரியும், புவியியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவன். இது போதுமா? முப்பது வயதில் இதெல்லாம் தேவையா என்கிறார் அப்பா.
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உதவித்தொகை சம்பளம் ஆகாது என்று அப்பா கவலைப்பட்டால் அது நியாயம்தான். இரண்டு வருடச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு இறங்குங்கள்.

பைத்தான் மட்டும் என்றால் பாதிக் கிணறுதான். மீதியை நான் கற்றது பெல்லந்தூர் ஏரிக்கரையில். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்து நகரத்தின் பசுமையைக் கணக்கிட ஒரு மாடல் (படத்தைப் பார்த்து இது புல், இது தண்ணீர் என்று சொல்லப் பழக்கிய நிரல்) செய்திருந்தேன். படத்தில் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல்! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடல் 'புல்வெளி' என்று காட்டிய இடத்தைப் பார்க்கப் போனேன். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நம்மூர்க்காரர். "அதுல கால வச்சா இடுப்பு வரைக்கும் தண்ணி சார்" என்று சிரித்தார். அத்தனையும் ஆகாயத்தாமரை. பச்சை இலை எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். என் மாடலுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அப்படியானால் அந்த 90 எங்கிருந்து வந்தது? மாடலைப் பழக்குவதற்கான பயிற்சிக் கட்டங்களை லால்பாக், கப்பன் பூங்கா பக்கம் மட்டும் எடுத்து, அவற்றிலேயே கொஞ்சத்தைச் சீட்டுக் குலுக்கிச் சோதனைக்கு ஒதுக்கியிருந்தேன். எல்லாமே ஒன்றோடொன்று தொடர்புடையவைதான், ஆனால் அருகில் இருப்பவைக்குத் தொடர்பு அதிகம் என்று புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1970இல் எழுதினார். ஒரு கட்டம் பயிற்சியில், ஒட்டிய கட்டம் சோதனையில் என்றால், பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிய பரீட்சைதான் அது. இப்போதெல்லாம் ஒரு வட்டாரத்தையே மொத்தமாகத் தள்ளிவைத்துச் சோதிக்கிறேன். மதிப்பெண் இறங்கும், மனசும் கொஞ்சம் வலிக்கும்.

படங்களுக்குக் காசு வேண்டாம். சென்டினல் இலவசம், அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் பழைய படங்களும் 2008இலிருந்து அப்படித்தான். அதனால் வேலையை விடுவதற்கு முன்பே அல்சூர் ஏரியை எடுத்துச் செய்து பாருங்கள். மாடல் சொல்வதை அச்சிட்டுக்கொண்டு மாலையில் ஏரியைச் சுற்றி நடங்கள், முடிந்தால் அப்பாவோடு. ஜூலைப் படம் வேண்டாம், பெரும்பாலும் மேகம்தான் தெரியும். பிப்ரவரிப் படத்திலிருந்து தொடங்குங்கள்.