லேப்டாப்பில் எந்தப் பாகம் பழுது என்று நாமே கண்டுபிடித்து மாற்ற முடியுமா?

ஐந்து வயதான லேப்டாப் திடீர் திடீரென்று அணைந்துபோகிறது, கடையில் மதர்போர்டை (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் தாய்ப்பலகையை) மாற்றச் சொல்கிறார்கள், நாமே பார்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பாகத்தை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. சின்ன ஸ்குரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும். எது கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் தவறினால் நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கெட்டதை உள்ளேயே வைத்து மூடுவோம். நான் மூடியிருக்கிறேன்.

நான் மெக்கானிக் அல்ல. செங்கோட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் பார்க்கிற சிறிய கடை வைத்திருக்கிறேன். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் என்பதால் மலைக்கு இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஜூன் பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன். எனக்கோ பேப்பர் நமத்துப்போய் ஜெராக்ஸ் இயந்திரத்தில் சிக்குகிற காலம்.

அப்படி ஓர் ஆடி மாதத்தில் கடை லேப்டாப் படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. பழுதுபார்க்கும் கடையில் மதர்போர்டு போய்விட்டது என்று 11,000 ரூபாய் கேட்டார்கள். பணத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஆரியங்காவிலிருந்து வழக்கமாக வரும் ஒரு சேட்டன், "அண்ணாச்சி, மதர்போர்டு போய்விட்டது என்று எதை வைத்துச் சொன்னார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் பின்மூடியைத் திறந்து ரேம் என்னும் நினைவகப் பட்டைகள் இரண்டையும் எடுத்தார். என் மகளின் பென்சில் டப்பாவிலிருந்த ரப்பரால் அவற்றின் மஞ்சள் நிறப் பற்களை மெதுவாகத் தேய்த்துத் துடைத்தார். ஒன்றை மட்டும் மாட்டினார். திரை வந்தது. ஈரக்காற்றில் பற்களின்மேல் மெல்லிய அழுக்குப் படலம் படிந்திருந்தது, அவ்வளவுதான்.

எல்லாப் பழுதும் ரப்பருக்கு அடங்கிவிடாது. ஆனால் "எதை வைத்து?" என்ற அந்தக் கேள்வியை அன்றிலிருந்து நான் விடவில்லை. ஒரு பாகத்தைக் கெட்டது என்று சொல்ல வேண்டுமானால், அதை எடுத்தபோது பழுது போயிருக்க வேண்டும். அல்லது நல்லதொன்றை அந்த இடத்தில் மாட்டியபோது போயிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். தானாக அணைவதற்குப் பெரும்பாலும் சூடு காரணம், இல்லையென்றால் மின்சாரம். அணைகிற விதத்தைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். இருபது நிமிடம் வீடியோ பார்த்தபின், அடிப்பாகம் கொதிக்கும்போது அணைகிறதென்றால் சூடு. வயரை லேசாக அசைத்ததும் அணைகிறதென்றால் பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் முனையும் தளர்ந்திருக்கிறது. பேட்டரி 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டே பொத்தென்று அணைகிறதென்றால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. வடிவமைத்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். என்னுடையதில் 41,000 மில்லிவாட்-மணி இருந்த இடத்தில் 9,000 சொச்சம்தான் மிச்சமிருந்தது.

அந்த அறிக்கையைப் பார்த்ததும் 2,800 ரூபாய்க்குப் புதுப் பேட்டரி வாங்கி மாட்டினேன். அதுவும் சார்ஜ் ஏறவில்லை. கோளாறு சார்ஜரில் இருந்தது. சில நிறுவனங்களின் சார்ஜர் முனைக்கு நடுவே ஊசிபோல ஒரு கம்பி இருக்கும். அது மின்சாரம் கொடுப்பதற்கல்ல. 'நான் இந்த லேப்டாப்புக்கு உரிய சார்ஜர்' என்று சொல்வதற்கு. அது வளைந்தாலோ உள்ளே அறுந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரியை ஏற்றாது, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் சரியாகக் காட்டியதால் சார்ஜர்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒவ்வொரு முறை போடும்போதும் அடாப்டரை அடையாளம் காண முடியவில்லை என்று ஒரு வரி திரையில் வந்து போயிருக்கிறது. நான்தான் அதைப் படிக்காமல் எண்டர் தட்டிக்கொண்டிருந்தேன். முடிந்தால் யாரிடமாவது அதே மாடல் சார்ஜரை அரை மணி நேரம் இரவல் வாங்கிப் பாருங்கள். பழுது பார்ப்பதில் இதைவிட மலிவான சோதனை கிடையாது.

சூடுதான் காரணம் என்றால் மூடியைத் திறந்ததும் தெரியும். மின்விசிறிக்கும் அதன் காற்று வெளியேறும் தகட்டு வரிசைக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது நகராது. மின்விசிறியைக் கழற்றித் தூசியை எடுத்துவிட வேண்டும். காற்றடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அளவுக்கு மீறிச் சுழன்று கெடும். பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகட்டை (ஹீட் சிங்க்) தூக்கினால், இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பசையை (தெர்மல் பேஸ்ட்) துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பயறளவு வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தூசியோடு எறும்பும் இருக்கும். ஒருமுறை கருகிய பல்லிக்குஞ்சு ஒன்றும் கிடைத்தது. அந்த லேப்டாப் பிழைக்கவில்லை.

ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் சோதனை எதுவும் செய்துகொண்டிருக்காமல் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். திரை இருண்டிருந்தால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பின்னொளிதான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ வயரால் டிவியில் மாட்டியபோது படம் சரியாக வந்தால் பழுது பேனலிலோ மடிப்பு வழியாக ஓடும் கேபிளிலோ இருக்கலாம். மூடியை அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் கேபிள்.

பாகம் வாங்கும்போது லேப்டாப்பின் மாடலைச் சொல்லி வாங்காதீர்கள். பழைய பாகத்தைக் கழற்றி, அதன்மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். திரையின் கேபிள் மாட்டும் முனையில் 30 பின் (ஊசி), 40 பின் என்று இரண்டு வகை உண்டு. நான் ரேமில் ஏமாந்தேன். டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். இரண்டும் ஒரே பள்ளத்தில் அழகாக உட்காரும். குறைந்த வோல்ட் மட்டும் கொடுக்கும் லேப்டாப்பில் முதலாவது வேலை செய்யாது. அந்த ஓர் எழுத்துக்காகப் புனலூருக்கு இரண்டாம் தடவை ரயிலேறினேன். பதின்மூன்று கண் பாலத்தைப் பார்க்கவென்றே அந்த ரயிலில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

திறக்கும்போது சார்ஜரை உருவி, பேட்டரியையும் பிரித்துவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் போய்விடும். (செத்ததுபோல் கிடக்கும் சில லேப்டாப்புகள் இதற்கே எழுந்துவிடும்.) ஸ்குரூக்களை வெள்ளைத்தாளில் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது மதர்போர்டைக் குத்தும். கீபோர்டு ரிப்பன் நுழையும் இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பூட்டு இருக்கும். சிலவற்றில் அதை மேலே நிமிர்த்த வேண்டும், சிலவற்றில் வெளியே இழுக்க வேண்டும். நிமிர்த்த வேண்டியதை நான் இழுத்து உடைத்தேன். அந்த லேப்டாப்பில் இன்றைக்கும் ரிப்பன் டேப்பில்தான் நிற்கிறது.

பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கியிருந்தால் அதோடு விளையாட வேண்டாம். அணைத்து, சார்ஜ் போடாமல், நெம்பாமல், குத்தாமல், பழகியவரிடம் கொண்டுபோய்க் கழற்றச் சொல்லுங்கள். வாரண்டி இருந்தால் மூடியையே தொடாதீர்கள்.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். லேப்டாப்பைப் போட்டதும், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், எதையும் மாற்றாமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ்மேல் குற்றமில்லை. சார்ஜரையும் மின்விசிறியையும் பாருங்கள். அணையாமல் நின்றால் யுஎஸ்பியிலிருந்து லினக்ஸை (விண்டோஸுக்குப் பதிலான இன்னொரு இயங்குதளம்) ஏற்றி ஒரு முழுப் படத்தை ஓட விடுங்கள். பாதியில் அணைந்தால் தூசியிலிருந்து ஆரம்பியுங்கள். படம் முழுவதும் ஓடி முடிந்தால் மூடியைத் திறக்கும் முன் விண்டோஸைப் புதிதாக நிறுவிப் பாருங்கள்.