டி-பக்கெட் ஹாட் ராட் எப்படி உருவானது? இவ்வளவு பேர் அதைக் கட்டியது ஏன்?

கேள்வியோடு ‘பார்க்க எளிமையாக இருக்கிறதே, கட்டுவதும் அப்படித்தானா?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். வரலாற்றை முதலில் முடித்துவிட்டுப் பட்டறைக்குள் போகலாம்.

ஃபோர்டு மாடல் டியின் குட்டி இரண்டு இருக்கை பாடி, அதற்கு முன்னால் பானட் இல்லாமல் நிற்கும் வி8 எஞ்சின், பின்னால் வெட்டிக் குறுக்கிய பிக்கப் பெட்டி, ஒல்லியான முன் டயர், தடித்த பின் டயர். இதுதான் டி-பக்கெட், பழைய காரைப் பிரித்து மாற்றிக் கட்டும் ‘ஹாட் ராட்’ வண்டிகளில் ஒரு வகை. மட்கார்டு கிடையாது. பல வண்டிகளில் திறக்கும் கதவுகூடக் கிடையாது.

மாடல் டியைப் பிரித்து வேக வண்டி செய்வது இதற்கு ரொம்ப முந்தைய பழக்கம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன. 1925இல் புது ரன்அபவுட் (இரண்டு இருக்கைத் திறந்த வண்டி) ஒன்றின் விலை 260 டாலர்தான், பழையது அதைவிட எவ்வளவோ மலிவு. அதன் 20 குதிரைத்திறன் எஞ்சினுக்கு ரேஜோ, ஃப்ரன்டனாக் என்று திறனைக் கூட்டும் ஓவர்ஹெட் வால்வு சிலிண்டர் ஹெட்டுகள் 1920களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. 1937இல் வேகப் பந்தயங்களை நடத்தும் சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் தொடங்கிய பிறகு முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஓடிய வண்டிகளிலும் மாடல் டி பாடிகள் உண்டு. ஆனால் அவற்றில் எடையைக் குறைக்க எல்லாவற்றையும் கழற்றினார்கள். டி-பக்கெட்டில் கழற்றியது எஞ்சினைக் காட்டுவதற்காக. அது பந்தயத்துக்குப் பிறந்ததல்ல, டிரைவ்-இன் உணவகத்தின் வாசலில் நிறுத்துவதற்குப் பிறந்தது.

அந்த உருவத்தைக் கொடுத்தவர் நார்ம் கிரபௌஸ்கி. 1952இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் அவர் ஆரம்பித்த வண்டியில் முக்கியமானவை மூன்று: 1922 மாடல் டி டூரிங் காரின் (பின் இருக்கையும் உள்ள திறந்த கார்) முன்பாதி, குறுக்கிய மாடல் ஏ பிக்கப் பெட்டி, 331 கன அங்குல காடிலாக் வி8. வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது. ஸ்டீயரிங் தண்டு பஸ்ஸில் இருப்பதுபோல் ஏறக்குறைய நட்டுக்குத்தலாக நின்றது. 1955 அக்டோபரில் ஹாட் ராட் பத்திரிகையின் அட்டையிலும், 1957 ஏப்ரலில் லைஃப் இதழிலும் இந்த வண்டி வந்தது. 1958இல் தொடங்கிய ‘77 சன்செட் ஸ்ட்ரிப்’ தொலைக்காட்சித் தொடரில் கார் பார்க்கிங் பையன் குக்கி ஓட்டியதும் இதையே. அன்று முதல் ‘குக்கி கார்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது வண்டி டாமி ஐவோவுடையது. குழந்தை நட்சத்திரமாக இருந்து டிராக் பந்தயக்காரராக மாறியவர். பியூக் நெயில்ஹெட் வி8 போட்டு, கிரபௌஸ்கியின் வண்டியைவிடக் கச்சிதமான ஒன்றைக் கட்டினார். 1957 ஆகஸ்ட் ஹாட் ராட் அட்டை அதற்கு. பின்னாளில் வந்த டி-பக்கெட்டுகளை உற்றுப் பார்த்தால் பாதிக்கு மேல் ஐவோவின் சாயல்தான் தெரியும். புகழ் மட்டும் கிரபௌஸ்கிக்கு!

தொலைக்காட்சி ஆசையைத் தூண்டியது, சரி. ஆனால் ஆயிரக்கணக்கில் பெருக வைத்தது ஃபைபர் கிளாஸ் என்பது என் கணிப்பு. அசல் மாடல் டி பாடி என்பது மரச்சட்டத்தின் மேல் அடித்த தகடு. முப்பது வருடம் வெயிலில் கிடந்தால் மரம் உளுத்து, தகடு துருப்பிடித்து, டிங்கரிங் வேலை தெரியாதவர் தொட முடியாத நிலையில்தான் கிடைக்கும். 1950களின் இறுதியில் கலிபோர்னியாவின் கால் ஆட்டோமோட்டிவ் போன்றவர்கள் ஃபைபர் பாடி விற்க ஆரம்பித்ததும் அந்தத் தடை விலகியது. ‘1923 டி’ என்று விற்கப்படும் பாடிகள் பெரும்பாலும் இந்த வகை. 60, 70களில் ஆண்டி பிரிசியோவின் ‘இன்ஸ்டன்ட் டி’, ஸ்பீட்வே மோட்டார்ஸ், டோட்டல் பெர்ஃபார்மன்ஸ் எனச் சேஸியோடு சேர்ந்த கிட்டுகள் (நாமே கட்டிக்கொள்ளும் உதிரித் தொகுப்புகள்) வந்தன. எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் காயலான் கடையில். 1970இல் ஓக்லண்ட் ரோட்ஸ்டர் ஷோவில் அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் (கூரையில்லாத கார்) விருதை பிரிசியோவின் டி வாங்கியபோது இந்த மோகம் உச்சத்தில் இருந்தது. பிறகு தணிந்ததற்குக் காரணம் எளிது: மழைக்கு ஒதுங்க முடியாது, மூன்றாவது ஆளுக்கு இடமில்லை, குடும்பம் வந்ததும் வண்டி விற்பனைக்கு வரும்.

இனி கட்டும் வேலை. எளிமை என்பது உதிரிகளின் எண்ணிக்கையில்தான். ஒவ்வொரு உதிரியும் வெளியே தெரிவதால் ஒளித்து வைக்கவும் இடமில்லை, தப்பாக வைத்தால் மன்னிக்கவும் இடமில்லை.

சேஸிக்கு 2x3 அங்குலச் செவ்வகக் குழாய், சுவர் தடிமன் சுமார் 3 மி.மீ. என்பது வழக்கமான அளவு. எஞ்சினுக்கு 350 கன அங்குல ஸ்மால் பிளாக் செவ்ரலே, கூடவே டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக்கை எடுப்பது சோம்பலால் அல்ல, அந்தக் குறுகிய கால்மாட்டில் மூன்று பெடலுக்கு இடமில்லை. செவ்ரலேயில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடுவது) எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது, அது ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள தடுப்பில், இடிக்கும். எச்.இ.ஐ. என்ற மின்னணு பற்றவைப்பு வகையின் பெரிய மூடி இன்னும் மோசம். சின்ன மூடி டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குங்கள், அல்லது ஃபயர்வாலில் குழி விடுங்கள். எஞ்சினை முன்னால் தள்ளித் தப்பிக்க நினைத்தால் ரேடியேட்டர் முன்னே போய், வண்டியின் மூக்கு நீண்டுவிடும். கிட் வண்டிகள் அசிங்கமாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுவும் உயரமாக வைத்த பாடியும்தான். ஆகவே வெல்டிங்குக்கு முன், டயர் மாட்டி, எஞ்சினையும் பாடியையும் கட்டைமேல் வைத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். டாக் (சின்னப் புள்ளி வெல்டு) போட்ட பிறகு திருத்தலாம், முழு வெல்டுக்குப் பிறகு முடியாது.

அதிகம் தப்பு நடப்பது முன் ஆக்சிலில். அங்கே குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங், நம் பட்டறை மொழியில் கமான் பட்டை. மொத்த வண்டியே சுமார் 800, 900 கிலோதான் என்பதால் எல்லாப் பட்டைகளையும் வைத்தால் ஸ்பிரிங் அசையவே அசையாது, ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் தெரியும். ஒன்றிரண்டு பட்டைகளைக் கழற்றுங்கள். வண்டி முழு எடையோடு நிற்கும்போது ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைத் தாங்கும் இணைப்புத் துண்டு) சுமார் 45 டிகிரியில் நிற்க வேண்டும். செங்குத்தாகத் தொங்கினால் வண்டி பக்கவாட்டில் ஆடும்.

இன்னொன்று: குழாய் ஆக்சிலுக்கு ஹேர்பின் ராடு (ஆக்சிலைச் சேஸியோடு இணைக்கும் கொண்டை ஊசி வடிவக் கம்பி) போடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஹேர்பின் ஆக்சிலை முறுக்கும். ஐ-பீம் ஆக்சில் கொஞ்சம் முறுகிக் கொடுக்கும், குழாய் கொடுக்காது, விசை முழுக்கப் பிராக்கெட் வெல்டில் இறங்கி அங்கே விரிசல் விடும். குழாய்க்கு ஃபோர்-பார் (பக்கத்துக்கு இரண்டாக நான்கு தனிக் கம்பிகள்), ஐ-பீமுக்கு ஹேர்பின் என்று நினைவில் வைத்தால் போதும்.

காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் பின்னால் சாயும் கோணம், 6, 7 டிகிரி வைக்கலாம். டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கும் அளவு) 3 மி.மீ.க்குள். காஸ்டரைக் காலிச் சேஸியில் அளந்து வெல்டு வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பின்னால் பெரிய டயர் ஏறி வண்டி முன்பக்கம் சாய்ந்ததும் அந்த டிகிரிகள் குறைந்துவிடும். குறைவான காஸ்டரோடு தளர்ந்த கிங்பின்னும் சேர்ந்தால் ஒரு வேகத்தில் முன் சக்கரங்கள் படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும்.

ஸ்டீயரிங்குக்குப் பழைய டி-பக்கெட்டுகளில் செவ்ரலே கோர்வேர் காரின் ஸ்டீயரிங் பாக்ஸ் போடுவார்கள். அதைப் பக்கவாட்டு ஸ்டீயரிங்குக்கு (இணைப்புக் கம்பி வண்டியின் பக்கவாட்டில் முன்பின்னாக ஓடும் வகை) பயன்படுத்தினால் உள்ளமைப்பைத் திருப்பி மாட்டியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடது ஒடித்தால் சக்கரம் வலது திரும்பும். அந்தக் கம்பியான டிராக் லிங்க்கின் நீளமும் கோணமும் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ராடுக்கு (ஹேர்பின் அல்லது ஃபோர்-பார்) இணையாக அமையட்டும். இரண்டும் வெவ்வேறு வளைவில் ஏறி இறங்கினால் பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடை ஆக்சிலுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் ஸ்டீயரிங் ஆர்ம்கள் சரியான கோணத்துக்கு வெளிப்பக்கம் விரிய வேண்டும், அங்கே பிரேக் டிரம் நிற்கும்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, சக்கரத்தின் பிரேக்கைவிடத் தாழ்வாக அமைவதால் திரவம் திரும்பி வடிந்துவிடும், முதல் மிதியில் பெடல் பொசுக்கென்று இறங்கும். டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ., டிரம் லைனில் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு (லைனில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைப்பது) தேவை. முன்பக்கம் எடை குறைவு, அதனால் பிரேக் எதற்கு என்று விட்டவர்களும் உண்டு. அழகாகத்தான் இருக்கும், ஆனால் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால்தான் சாய்கிறது. கட்டாயம் போடுங்கள்.

ரேடியேட்டர் ஷெல் சிறியது. அதற்குள் அடங்கும் தடித்த அலுமினியக் கோரும், கோரின் பின்னாலிருந்து இழுக்கும் மின்விசிறியும் வேண்டும். ரேடியேட்டர் மூடி தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தைவிடத் தாழ்ந்துவிட்டால் எஞ்சினுக்குள் காற்று அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நிறைந்திருப்பதாகத் தோன்றும், எஞ்சின் கொதிக்கும். உயரமான இடத்தில் தனி நிரப்பும் மூடி வைத்தால் தீரும்.

ஃபைபர் பாடியை நேராகச் சேஸியில் போல்ட் போட்டு இறுக்கினால் போல்ட் துளையைச் சுற்றிச் ஜெல்கோட் (ஃபைபரின் மேற்பூச்சு) சிலந்தி வலை போல விரிசல் விடும். உள்ளே ஒட்டுப்பலகைத் தரை, அதன் கீழ் ரப்பர் பேட், போல்டுக்கு அகலமான வாஷர். கடைசியாக வயரிங்: ஃபைபர் மின்சாரம் கடத்தாது. தகடு பாடியில் பழகியவர்கள் விளக்கு எரியாமல், மீட்டர் முள் தாறுமாறாக ஆடுவதைப் பார்த்து ஃபியூசைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் மீட்டருக்கும் தனி எர்த் வயர் இழுத்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரே பட்டையில் சேர்த்து, அங்கிருந்து சேஸிக்குக் கொண்டுபோங்கள். எஞ்சினிலிருந்து சேஸிக்குத் தடித்த கேபிள் ஒன்றும் வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதை விட்டால் ஸ்டார்ட்டர் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாதை தேடி அதைச் சுட்டுவிடும்.