கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன்பு, மகளுக்கு வாசிக்க வருகிறதா என்று பாருங்கள்

ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு 15 வயது. ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் கோளாறு என்று 10 வயதிலேயே கண்டுபிடித்தாயிற்று. மாத்திரை தொடங்கியதிலிருந்து வகுப்பில் ஒழுங்காக உட்காருகிறாள், ஆசிரியர்களிடமிருந்து புகார் இல்லை. மதிப்பெண் மட்டும் ஏறவே இல்லை. “டாக்டர் படிப்புக்கான கோச்சிங்கில் போட்டுவிடு, அந்தக் கெடுபிடியில் தானாகப் படித்துவிடுவாள்” என்கிறாராம் தாயின் அண்ணன். இரண்டு வருடக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் தள்ளுபடி உண்டாம். கட்டலாமா?

கட்டாதீர்கள் அம்மா. எல்லாம் சரியாகிவிடும் என்று நாலு வரி ஆறுதல் எழுதுவது எனக்குச் சுலபம், உங்களுக்கு அதனால் பயனில்லை. உங்கள் அண்ணன் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனாலும் தப்பாகச் சொல்கிறார்.

ஏடிஎச்டி வேறு, வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ தனியாக வரும் கற்றல் குறைபாடு வேறு. ஆனால் இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பது சர்வசாதாரணம். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கற்றல் குறைபாடும் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சிக்கல் என்னவென்றால், முதலில் கண்ணில் பட்டது மற்றதை மறைத்துவிடும். ஏடிஎச்டி என்று ஒரு முறை எழுதிவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு எழுத்துப்பிழையும் ‘கவனமின்மை’ கணக்கில்தான் சேரும்.

மாத்திரை கவனத்துக்கு உதவும். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுத்தராது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏடிஎச்டியோடு வாசிப்புச் சிக்கலும் உள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஏடிஎச்டி சிகிச்சை பெற்றவர்களுக்குக் கவனம் தேறியது. வாசிப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கு வாசிப்பு தேறியது. இரண்டிலும் தேறியவர்கள், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள்தான். ஐந்து வருடமாக உங்கள் மகளுக்குக் கிடைத்தது ஒன்று மட்டுமே.

அதனால் எந்தப் படிப்பு, எந்தக் குரூப் என்ற பேச்சையெல்லாம் இப்போது விட்டுவிடுகிறேன். அதற்கு ஆலோசனை சொல்ல ஊரே இருக்கிறது. யாரும் சொல்லாத ஒன்று, முழுமையான உளவியல்-கல்வி மதிப்பீடு. ஒரே சந்திப்பில், நாலு கேள்வி கேட்டு முடிக்கும் வேலை இல்லை இது. கற்றல் குறைபாட்டில் பயிற்சி உள்ள உளவியலாளர், பல மணி நேரத்தைச் சில அமர்வுகளாகப் பிரித்துச் செய்வார். முதலில் பார்வையும் செவித்திறனும் சரியா என்று உறுதிசெய்துகொள்வார். பிறகு அறிவுத்திறன் சோதனை. அதில் மொத்த எண்ணைவிட, நினைவில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறனும் வேகமும் தனித்தனியே எப்படி இருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

அடுத்து வாசிப்பு. பழகிய சொற்களைப் பார்த்த ஞாபகத்தில் ஒப்பித்துவிடலாம். அதனால் ‘மடுகி’, ‘பளோனு’ என்று பொருளே இல்லாத சொற்களைக் கொடுப்பார்கள். அங்கே திணறினால் எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் கோளாறு. ஒரு பத்தியை அவளே வாசித்துப் பதில் சொல்லச் சொல்வார்கள். அதே அளவு கடினமான இன்னொன்றை வாசித்துக் காட்டிக் கேட்பார்கள். கேட்டது புரிந்து, வாசித்தது புரியாவிட்டால் அதுவே பெரிய தடயம். சொல்வதை எழுதச் சொல்லிப் பிழைகளையும் ஆராய்வார்கள். கவனம் சிதறியவர் முதல் பக்கத்தில் சரியாக எழுதிய சொல்லையே மூன்றாம் பக்கத்தில் கோட்டைவிடுவார். வாசிப்புக் குறைபாடு உள்ளவர் ஒற்றெழுத்தை விடுவதும், ரகர றகரத்தை மாற்றுவதும் நிதானமாக எழுதும்போதும் தொடரும். உங்கள் மகளிடம் இரண்டுமே கலந்திருக்கலாம். கணக்கையும் தனியே பார்க்கச் சொல்லுங்கள். அன்று மாத்திரை போட்டுக்கொண்டு வர வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நோட்டுகளையும் முதல் வகுப்பிலிருந்து உள்ள ரிப்போர்ட் கார்டுகளையும் எடுத்துப் போங்கள். பழைய பேப்பருக்குப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இதற்கும் செலவு உண்டு. கோச்சிங்கோடு ஒப்பிட்டால் சிறு தொகை. ஆனால் நிறக்கண்ணாடி, ஞாபகசக்தி விளையாட்டு, மூளையை இரண்டு பக்கமும் ‘விழிக்க வைக்கும்’ வகுப்பு என்று யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். வாசிப்பைச் சீராக்குவது, எழுத்து-ஒலித் தொடர்பைப் படிப்படியாகச் சொல்லித்தரும் பயிற்சிதான். 15 வயதிலும் தொடங்கலாம், நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: போனில் சத்தங்களைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, ராத்திரி வரை கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று. எழுதியது புகாராக. எனக்கோ கடிதத்திலேயே பயனுள்ள வரி அதுதான். ஒலிப்பதிவில் அவள் மேதை என்று நான் சொல்லவரவில்லை. குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஒரு ‘வரம்’ இருந்தே தீரும் என்பதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் யாரும் சொல்லாமலே அவள் மணிக்கணக்கில் உட்காருகிற ஒரே வேலை அது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதைக் கணக்கில் எடுக்காமல் நான் பேசமாட்டேன். நீள நீளமான கேள்விகளை நிமிடக் கணக்கில் வாசித்து முடிக்கும் நுழைவுத் தேர்வு அவளுடைய பலவீனத்தின் மேலேயே கட்டப்பட்டது. அதில் தோற்கவைத்து, உழைக்கவில்லை என்று அவளையே திட்டுவீர்கள்.

மதிப்பீட்டு அறிக்கை வாங்கும்போது குறைபாட்டின் பெயரோடு மட்டும் விடாதீர்கள். தேர்வில் என்ன சலுகை தேவை என்பதும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். மெதுவாக வாசிப்பவருக்குக் கூடுதல் நேரம் உதவும். கவனம் நழுவுபவருக்கு அது மட்டும் போதாது. தனி அறையும் நடுவே இடைவேளையும் வேண்டியிருக்கும். கேள்வியை வாசித்துக் காட்ட ஆள் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பள்ளியிடம் அறிக்கையை உடனே கொடுங்கள், தேர்வுக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள். அறிக்கையை உளவியலாளர் விளக்கும்போது மகளும் அறைக்குள் இருக்கட்டும். அவளைப் பற்றிய பேச்சு முடியும்வரை வெளி நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கும் வயதை அவள் தாண்டிவிட்டாள்.