வாசகர் கேள்வி – பதில்: குழல் மாறினால் துப்பாக்கியே மாறுகிறது

தென்னாப்பிரிக்காவின் டோங்காட் வாசகர் கேட்கிறார்: சென்ற ஆண்டு காலமான என் தாய்மாமா, தாம்சன் சென்டர் என்கோர் வகை வேட்டைத் துப்பாக்கி ஒன்றை எனக்கு விட்டுச் சென்றிருக்கிறார். நடுவே மடித்துத் திறந்து, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடக்கூடியது. அதில் இருப்பது .243 குழல், அதாவது .243 அங்குலக் குண்டுக்கானது. இம்பாலா மானுக்கு அது போதும், குடு என்னும் பெரிய மானின் வேட்டைக்கு .308 குழல் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ள விரும்புகிறேன். நண்பர் ஒருவர் தம்மிடம் உள்ள, அதே நிறுவனத்தின் கன்டெண்டர் வகைத் துப்பாக்கியின் குழலைத் தருவதாகவும் சொல்கிறார். மாற்றும் வேலையை நானே செய்யலாமா, ஐயா?

பதில்: தங்கள் மாமாவின் நினைவாக வந்த பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் நல்லது. முன்கைப்பிடியின் அடியிலுள்ள திருகுகளைக் கழற்றி, சட்டகத்தையும் (விசை அமைந்த உடற்பகுதி) குழலையும் இணைக்கும் தடித்த கீல் ஊசியை வெளியே தள்ளினால், என்கோரின் குழல் கையோடு வந்துவிடும். வேறு குழலை வைத்து ஊசியைச் செருகினால் வேலை முடிந்தது. பத்து நிமிட வேலைதான் என்பதால் பலரும் குழலைத் தோள்வார் போன்ற ஓர் உதிரிப் பொருளாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் தோட்டா அமரும் அறை, காலி உறையை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர், சட்டகத்தோடு பூட்டிக்கொள்ளும் தாழ், தொலைநோக்கி ஆகிய அனைத்தும் குழலோடுதான் வருகின்றன. ஆகவே குழலை மாற்றுகிறவர் துப்பாக்கியின் பெரும்பகுதியையே மாற்றுகிறார்.

.308 குழல் என்கோருக்கு ஏற்றதே; அந்தச் சட்டகம் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்படியே செய்யப்பட்டது. கன்டெண்டர் குழலை மறந்துவிடுங்கள். அது 1967-இல் வந்த சிறிய வடிவமைப்பு. அதன் குழல் என்கோர் சட்டகத்தில் பொருந்தாது. பொருந்தாததும் நல்லதுதான், ஏனெனில் இரண்டும் வெவ்வேறு சுமைகளுக்கானவை. கன்டெண்டரில் வழக்கமாகச் சுடப்படும் .30-30 தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு; .308-க்கு அது 62,000 பவுண்டு. .308-இன் உறை சற்றுப் பருமனானது என்பதால், அந்த அழுத்தம் இன்னும் அகலமான பரப்பில் விழுந்து சட்டகத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தோட்டாவின் பருமன், அழுத்தம் இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் ஒரு சட்டகத்துக்கு எந்தக் காலிபர் (தோட்டா அளவு) தகும் என்று முடிவு செய்ய வேண்டும்.

புதிதாக வாங்கிய குழலானாலும் முதல் தோட்டாவைச் சுடுவதற்கு முன் கன்ஸ்மித் (துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்) ஒருவரிடம் காட்டி, ஹெட்ஸ்பேஸ் எனப்படும் அறையின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். அதற்கு இரண்டு எஃகு அளவுக்கட்டைகள் உண்டு. ‘கோ’ கட்டையை இட்டால் துப்பாக்கி முழுமையாக மூடிக்கொள்ள வேண்டும். ‘நோ-கோ’ கட்டையை இட்டால் மூடிக்கொள்ளக் கூடாது. .308-க்கு முதலாவது 41.40 மில்லிமீட்டர், இரண்டாவது 41.50 மில்லிமீட்டர். இடையில் உள்ள வித்தியாசம் ஒரு தாளின் தடிமன்தான். அறை இரண்டாவது அளவைவிட ஆழமாக இருந்தால் உறை பின்புறமாக நீண்டு, கிழிந்து, சூடான வாயுவைச் சுடுபவரின் முகத்தை நோக்கி விடக்கூடும்.

இனி எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். .243 தோட்டா என்பது .308 உறையின் கழுத்தைக் குறுக்கிச் செய்யப்பட்டது. இரண்டுக்கும் அடிப்பகுதி ஒன்றே. ம்கூசே அருகே ஒரு ஜூலை மாதக் காலையில், .308 குழலோடு முள்மரங்களுக்கு இடையே நடந்துகொண்டிருந்தேன். முந்தைய நாள் .243 குழலோடு சென்றபோது மிஞ்சிய ஒரு தோட்டா மேலங்கியின் பையிலேயே கிடந்திருக்கிறது. இம்பாலாக் கடா ஒன்று தென்பட்டதும் கைக்கு வந்ததை எடுத்து இட்டேன். வழக்கமான ஓசையோடு துப்பாக்கி மூடிக்கொண்டது. விசையை இழுத்தபோது மந்தமான ஒலி மட்டுமே கேட்டது. கடா தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓடி மறைந்தது. திறந்து உறையை எடுத்துப் பார்த்தேன். குறுகலாக இருக்க வேண்டிய கழுத்து அறையின் அகலத்துக்கு விரிந்து நெடுகக் கீறியிருந்தது. 6.17 மில்லிமீட்டர் குண்டு 7.82 மில்லிமீட்டர் துளையில் எதையும் பற்றாமல் ஆடிக்கொண்டே போயிருக்கிறது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தக் குண்டு கடாவின் குடலிலோ, காட்டுக்குள் நின்ற ஒரு மனிதரிலோ பாய்ந்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை.

அன்று முதல் ஒரு பயணத்துக்கு ஒரே குழல், அதற்குரிய தோட்டா மட்டுமே என்று வைத்துக்கொண்டேன். குழலுக்கும் தோட்டாப் பெட்டிக்கும் ஒரே நிற நாடா ஒட்டுகிறேன். இதைவிடக் கொடிய குழப்பமும் உண்டு. .300 பிளாக்அவுட் தோட்டா சில சமயம் .223 அறைக்குள் நுழைந்துவிடும். அங்கே 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர் துளைக்குள் புக வழியில்லாமல் துப்பாக்கியே வெடித்துப்போகும். தாங்கள் பின்னாளில் மூன்றாவது குழலை நினைத்தால், இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, நம் தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் குழலைத் துப்பாக்கியின் முதன்மைப் பாகமாகவே கருதுகிறது. மாமாவின் உரிமம் தங்களுக்குத் தானாக வந்து சேராது. தங்கள் பெயரில் தகுதிச் சான்றிதழும் உரிமமும் பெற வேண்டும். .308 குழலுக்கும் தனியே உரிமம் வேண்டும். எனவே கடைக்காரரிடம் முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன்னரே தங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் உள்ள துப்பாக்கி அலுவலரைப் பாருங்கள். எந்தத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறதோ அந்தத் தோட்டாவை மட்டுமே வைத்திருக்கலாம். அவ்வப்போது வேட்டையாடுபவருக்கு உரிமம் ஒன்றுக்கு 200 தோட்டாக்களே உச்சவரம்பு. குழல் வரும் முன்பே மலிவாகக் கிடைத்தது என்று .308 பெட்டியை வாங்கி வைப்பது குற்றமாகிவிடும்.

வெருலம் வாசகர் கேட்கிறார்: என்னிடம் பழைய ஹேண்டி ரைஃபிள் ஒன்று உள்ளது. அதே வகைத் துப்பாக்கியின் .308 குழலை இன்னொருவரிடமிருந்து முறைப்படி வாங்கினேன். மாட்டினால் மூடுகிறது, ஆனால் சற்று இடைவெளி தெரிகிறது. சுடலாமா?

பதில்: சுட வேண்டாம். ஹேண்டி ரைஃபிளைச் செய்த ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் தொழிற்சாலையில் ஒவ்வொரு குழலும் அதனதன் சட்டகத்தோடு கையால் பொருத்தப்பட்டது. கூடுதல் குழல் வேண்டியவர்கள் சட்டகத்தையே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒரே வகை என்பதற்காக ஒன்றின் குழல் மற்றொன்றில் சரியாக அமர்ந்துவிடாது. மேலும் அதன் பழைய சட்டகங்களில் சில, அழுத்தம் குறைந்த ரவைத் தோட்டாக்களுக்கு மட்டுமே உரியவை, அவற்றில்.308 கூடவே கூடாது. உற்பத்தி 2015-இல் நின்றுவிட்டது. அனுபவமுள்ள கன்ஸ்மித் பொருத்தித் தந்தாலன்றி அந்தக் குழலைப் பெட்டகத்திலேயே வைத்திருங்கள். பெட்டகத்தில் என்று அழுத்திச் சொல்கிறேன். வண்டிக் கொட்டகை அலமாரியில் வைப்பதற்குரிய பொருள் அல்ல அது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர் கேட்கிறார்: ரூகர் நம்பர் 1 துப்பாக்கியின் குழலை வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: முடியாது. அதன் குழல் மரையிட்டு இறுக்கப்பட்டது. அதை எடுப்பதும் மாற்றுவதும் பட்டறை வேலை.

சாட்ஸ்வொர்த் வாசகி கேட்கிறார்: குழலை எடுத்து மறுபடி மாட்டினால் குறி மாறிவிடுமா? ஒவ்வொரு முறையும் குறி சரிபார்க்க வேண்டும் என்று என் தந்தையார் சொல்கிறார்.

பதில்: தங்கள் தந்தையார் சொல்வதே சரி. தொலைநோக்கி குழலின் மேலேயே பொருத்தப்பட்டிருந்தால், குழலைக் கழற்றினாலும் இரண்டுக்கும் உள்ள உறவு குலையாது. அதனால் குறி பெரும்பாலும் பழைய இடத்துக்கு அருகிலேயே இருக்கும். ஆனால் முன்கைப்பிடித் திருகு ஒரு முறை இறுக்கமாகவும் மறுமுறை தளர்வாகவும் முறுக்கப்பட்டால், அது குழலை வெவ்வேறு விதமாக அழுத்திக் குண்டு விழும் இடத்தை நகர்த்திவிடும். ஆகவே அளவு காட்டும் திருப்புளியால் எப்போதும் ஒரே அளவுக்கு முறுக்குங்கள். 100 மீட்டரில் மூன்று குண்டுகள் சுட்டுப் பார்த்து, குழல் ஆறிய பிறகு நான்காவதைச் சுடுங்கள். வேட்டையில் முதல் குண்டு எப்போதும் குளிர்ந்த குழலிலிருந்தே புறப்படுகிறது என்பதால், அந்த நான்காவது விழுந்த இடத்தையே நாள் எழுதிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.