பிங் போகிறது, ரூட் வரவில்லை

கேள்வி: இரண்டு கிளைகளை ஜிஆர்இ டனல் (இணையத்தின் மேல் போடும் மெய்நிகர் குழாய்) வழியாக இணைத்திருக்கிறேன். இதுவரை கையால் எழுதிய ஸ்டாட்டிக் ரூட்தான். இப்போது இரண்டாவது லைன் வந்திருப்பதால், ஒன்று போனால் மற்றதில் தானாகப் போகட்டும் என்று இரண்டு கேட்வேயிலும் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டுகளைத் தானாகப் பரிமாறும் புரோட்டோகால்) போட்டேன். டனலில் பிங் நன்றாகவே போகிறது, ஆனால் நெய்பர் (எதிர்முனை கேட்வேயுடனான ஓஎஸ்பிஎஃப் உறவு) இங்கே எக்ஸ்ஸ்டார்ட், அங்கே எக்ஸ்சேஞ்ச் என்ற இடைநிலைகளிலேயே அப்படியே நிற்கிறது. ஃபயர்வாலை முழுக்கத் திறந்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஃபயர்வாலை மூடுங்கள். ஓஎஸ்பிஎஃப்புக்கு டிசிபி, யுடிபி போர்ட் எதுவும் கிடையாது, ஐபி புரோட்டோகால் 89-ஐ மட்டும் விட்டால் போதும். ஃபயர்வால் தடுத்திருந்தால் நெய்பரே தெரிந்திருக்காது, அல்லது இனிட் என்ற தொடக்க நிலையிலேயே நின்றிருக்கும். ஏரியாவோ (ஓஎஸ்பிஎஃப் பகுதி எண்), ஹலோ டைமரோ ('இருக்கிறேன்' என்று சொல்லும் ஹலோ பாக்கெட்டின் இடைவெளி) பொருந்தாவிட்டாலும் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

எக்ஸ்ஸ்டார்ட்டில் நின்றால் அநேகமாக எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பொருந்தவில்லை என்று அர்த்தம். இரண்டு கேட்வேயும் தங்கள் டேட்டாபேஸ் விவரத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்கும்போது அந்தப் பாக்கெட்டிலேயே எம்டியுவையும் எழுதி அனுப்பும், வந்த எண் தன்னுடையதைவிடப் பெரிதாக இருந்தால் வாங்கும் பக்கம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சாதாரண பிங் சின்னப் பாக்கெட் என்பதால் அதற்கு இந்தப் பிரச்சினையே தெரியாது. வழக்கமான 1500-இல் ஜிஆர்இ 24 பைட் எடுத்துக்கொண்டால் மிச்சம் 1476, ஒரு பக்கம் பிபிபிஓஇ (லாகின் செய்து இணையும் பிராட்பேண்ட்) லைன் என்றால் இன்னும் 8 போய் 1468. சிறிய எண்ணையே இரண்டு பக்கமும் வையுங்கள். பிறகு 1440 பைட் பிங்கை, உடைக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்பிப் பாருங்கள், தலைப்பு 28 சேர்ந்து சரியாக 1468 வரும்.

எம்டியு பொருந்துகிறதா என்று பார்க்காமல் விடும் எம்டியு-இக்னோர் என்று ஒரு கட்டளை இருக்கிறது, தயவுசெய்து அதைப் போடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன், உடனே ஃபுல் (உறவு முழுமையானது) என்று காட்டியது, அப்புறம் ரூட்டுகள் பெருகி அப்டேட் பாக்கெட் பெரிதானதும் நெய்பர் அறுந்து அறுந்து வந்தது, காரணம் பிடிக்க இரண்டு நாள் ஆனது.

ஃபுல் வந்த பிறகும் போக்குவரத்து மாறாது, ஏனென்றால் ஸ்டாட்டிக் ரூட்டின் டிஸ்டன்ஸ் (முன்னுரிமை எண்) 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, குறைந்ததுதான் ஜெயிக்கும். பழைய ஸ்டாட்டிக்குகளை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டிஸ்டன்ஸை 200 ஆக்குங்கள். ஆனால் டனலின் எதிர்முனை பொது ஐபிக்குப் போகும் ரூட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், அந்த முகவரியை ஓஎஸ்பிஎஃப்பிலும் அறிவிக்காதீர்கள். அதற்கான வழி டனலுக்குள்ளேயே வந்துவிட்டால் டனல் தன்மேலேயே ஓட முயன்று விழும், எழும், மறுபடி விழும்.

ஹலோ 10 நொடி, டெட் (இவ்வளவு நேரம் ஹலோ வராவிட்டால் நெய்பர் போனதாகக் கொள்ளும் நேரம்) 40 நொடி என்றுதான் வழக்கமாக இருக்கும், அதனால் லைன் போனால் 40 நொடி வரை தாமதம் ஆகலாம். குறைப்பதென்றால் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி குறையுங்கள். பிறகு யாரும் வேலை செய்யாத நேரமாகப் பார்த்து முதல் லைனின் கேபிளைப் பிடுங்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.