கப்கேக் மேல பழம் வச்சா கிரீம் தண்ணி விடுதா?

கேள்வி: வீட்டுலயே கேக் செஞ்சு ஆர்டர் எடுக்குறேன் அக்கா, ஊரு மயிலாடுதுறை. போன மாசம் ஒரு பர்த்டேக்கு ஸ்ட்ராபெர்ரியும் கிவியும் வெட்டி ராத்திரியே கப்கேக் மேல வச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். காலைல பாத்தா சிவப்பு சாயம் கிரீம்ல இறங்கியிருக்கு, கிவிக்கு அடியில தண்ணி நிக்குது, கிரீம் வேற கசக்குது. இப்ப வைகாசில கும்பகோணத்துல ஒரு வளைகாப்புக்கு அம்பது கப்கேக் கேக்குறாங்க, ஃப்ரெஷ் பழம் வச்சுத்தான் வேணுமாம். ஒத்துக்கலாமா?

பதில்: தாராளமா ஒத்துக்கோங்க மா. பழத்தை எப்ப வெட்டுறீங்க, வெட்டுன பக்கம் எதைத் தொடுது, இந்த ரெண்டை மட்டும் மாத்துனா போதும்.

மாங்காயை நறுக்கி உப்பு போட்டு வச்சா ஜாடில தண்ணி விடுதுல்ல, கிரீம்ல இருக்குற சர்க்கரையும் பழத்துக்கிட்ட அதே வேலையத்தான் செய்யுது. தோல் இருக்குற வரைக்கும் பழம் ஒண்ணும் ஆகாது, வெட்டுன பக்கம் கிரீம்ல பட்டதும் சர்க்கரை அதுக்குள்ள இருக்குற தண்ணிய வெளிய இழுத்துடும், ஸ்ட்ராபெர்ரில அந்தத் தண்ணியோட சாயமும் சேர்ந்து வரும். ராத்திரி பூரா அப்படியே இருந்தா கேக்கே நமுத்துப் போயிடும்.

கசப்பு வேற கதை. கிவி, சமைக்காத அன்னாசி, பப்பாளி மூணுலயும் புரதத்தை உடைக்கிற என்சைம் இருக்கு, பால் புரதத்தை அது உடைக்க உடைக்க கசப்பு ஏறிக்கிட்டே போகும். நான்-டெய்ரி கிரீம்தானே போட்டேன்னு நெனைக்காதீங்க, பல பிராண்ட்லயும் பால் புரதம் சேர்த்திருப்பாங்க, டப்பா பின்னாடி படிச்சுப் பாருங்க. அன்னாசிய சர்க்கரை போட்டு கடாயில நல்லா சுண்ட வதக்கிட்டா அந்த என்சைம் செத்துடும், அப்புறம் பயமில்லாம வைக்கலாம். ஆனா இந்த ஆர்டருக்கு அன்னாசியும் பப்பாளியும் வேணவே வேணாம். மாசமா இருக்குற பொண்ணுக்கு முன்னாடி அதைக் கொண்டுபோய் வச்சா வீட்டுப் பெரியவங்க மனசு சங்கடப்படும், நல்ல காரியத்துல அது எதுக்கு.

அப்ப எதை வைக்கலாம்னா, நீங்க கேக்குறது வைகாசி, அப்ப ஸ்ட்ராபெர்ரி சீசன் முடிஞ்சிருக்கும், கெடைச்சாலும் வெலை கூட, வாசமும் இருக்காது. தாராசுரம் மார்க்கெட்டுக்கோ உங்க ஊரு கடைத்தெருவுக்கோ போனா மாம்பழமும் மாதுளையும் திராட்சையும் இருக்கும், அம்பது கப்கேக்குக்கு அதுவே தாராளம். இதுல மாதுளைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒவ்வொரு முத்துக்கும் தனித்தனியா தோல் இருக்குறதால உடையாத முத்து தண்ணியே விடாது. உரிச்சதும் பழைய வேட்டித் துணில பரப்பி ஃபேன் காத்துல காய விடுங்க, உடைஞ்ச முத்தைப் பொறுக்கி எடுத்துடுங்க, ஒண்ணு உடைஞ்சிருந்தாலும் வெள்ளைக் கிரீம்ல ரோஸ் கலர் கோடு விழுந்துடும். திராட்சையக் காம்போட கழுவி, காய்ஞ்சப்புறம் முழுசா வைங்க. பன்னீர் திராட்சைல கொட்டை இருக்குறதால பெரியவங்களுக்கு மட்டும் வைங்க. விசேஷத்துக்கு சின்னப் புள்ளைங்க வரும், அதுங்க சாப்புட்டா முழுத் திராட்சை தொண்டைல மாட்டிக்கும், அதனால அதுங்களுக்கு கொட்டை இல்லாத திராட்சைய நீளவாக்குல நாலா வெட்டி, தோல் பக்கம் கிரீம்ல படுற மாதிரி வைங்க.

மாம்பழத்துல ரோஜா செஞ்சா வளைகாப்புக்கு அவ்ளோ அம்சமா இருக்கும். பங்கனப்பள்ளி வாங்குங்க, காம்புக்கிட்ட மோந்து பாத்தா வாசம் வரணும், ஆனா கட்டைவெரலால அழுத்துனா அமுங்கக் கூடாது, கொழகொழன்னு பழுத்தது சீவ வராது. தோலை சீவிட்டு கொட்டைக்கு ரெண்டு பக்கமும் இருக்குற சதையை அறுத்தெடுத்து ரெண்டு மில்லிமீட்டர் கனத்துல பிறை பிறையா சீவுங்க, துணி மேல பரப்பி மேலயும் ஒரு துணி போட்டு லேசா ஒத்தி எடுங்க. அப்புறம் அஞ்சாறு துண்டை ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறுன மாதிரி வரிசையா வச்சு ஒரு ஓரத்துலேர்ந்து சுருட்டுனா ரோஜா வந்துடும், வெளி இதழை மட்டும் வெரலால மெதுவா விரிச்சு விடுங்க.

இது வெட்டுன பழம்ங்குறதால கிரீம் மேல நேரா வைக்காதீங்க. ஒயிட் காம்பவுண்ட் சாக்லேட்டை உருக்கி பட்டர் பேப்பர்ல மெல்லிசா தடவி, பாதி இறுகும்போது சின்ன மூடியால வட்டம் வட்டமா வெட்டி எடுத்து வச்சுக்கோங்க. கிரீம் மேல வட்டம், வட்டத்து மேல ரோஜா, நடுவுல சாக்லேட் இருக்குறதால தண்ணி கீழ எறங்காது. உருக்குற பாத்திரத்துல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் காம்பவுண்டு கட்டி தட்டிடும், பாத்துக்கோங்க. இந்த வட்டத்தை முன்னாடி நாளே செஞ்சு டப்பால வச்சுக்கலாம்.

பளபளப்புக்கு ஜெலட்டின் வேணாம், நம்ம வெயிலுக்கு அது உருகிடும், சைவம் சாப்புடுற வீட்டுக்கும் ஆகாது. கடல்பாசிப் பவுடர் (அகர் அகர்) அரை டீஸ்பூன், ஒரு கப் தண்ணி, ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை, ரெண்டு நிமிஷம் நல்லா கொதிக்க விட்டு, கைபொறுக்குற சூட்டுக்கு வந்ததும் பிரஷ்ல மெல்லிசா பழத்து மேல தடவுங்க. கடல்பாசி ஒருதடவை உறைஞ்சா 85 டிகிரி வரைக்கும் உருகாது, பழமும் காயாம இருக்கும்.

வாழைப்பழம், ஆப்பிள் ரெண்டும் வெட்டுனதும் கறுக்கும், எலுமிச்சைத் தண்ணில முக்குனாலும் கொஞ்ச நேரம்தான், இந்த ஆர்டருக்கு விட்டுடுங்க.

பட்டர்கிரீம் போடாதீங்க, வெண்ணெய் 32 டிகிரிலேர்ந்தே உருக ஆரம்பிச்சுடும், வைகாசில நம்ம பக்கம் வெளிய எவ்ளோ அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். நான்-டெய்ரி விப்பிங் கிரீமை பாத்திரம், பீட்டர் கம்பி எல்லாம் ஃப்ரிட்ஜ்ல வச்சு ஜில்லுன்னு ஆனப்புறம் அடிங்க, இல்ல டார்க் சாக்லேட் ரெண்டு பங்குக்கு கிரீம் ஒரு பங்கு போட்டு கனாஷ் பண்ணிடுங்க, மாதுளை அதுக்கு மேல ரொம்ப எடுப்பா தெரியும். கேக்கை வெண்ணெய்க்குப் பதிலா எண்ணெய்ல செய்யுங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் இறுகாது.

முன்னாடி நாள் கேக்கை மட்டும் செஞ்சு ஆற வச்சு மூடி வைங்க. விடியக்காலைல கிரீம் போட்டு பாக்ஸோட ஃப்ரிட்ஜ்ல ஏத்திடுங்க. கெளம்பும்போது புது தெர்மாகோல் பெட்டில தண்ணி பாட்டிலை ஐஸா ஆக்கி ஓரமா வச்சு, நடுவுல பாக்ஸை அடுக்குங்க, பழம், அன்னைக்கு வெட்டுனது, தனி டப்பால வரட்டும். மண்டபத்துக்குப் போனதும் பாக்ஸை உடனே தொறக்காதீங்க, ஒரு இருவது நிமிஷம் மூடியே இருக்கட்டும், இல்லன்னா நம்ம ஊரு ஈரக் காத்து பட்டு கிரீம் மேல முத்து முத்தா வேர்த்துடும். அப்புறமா பழத்தை அங்கயே வச்சு கடல்பாசியைத் தடவுங்க. அதை ஒரு ஃப்ளாஸ்க்ல சூடா எடுத்துட்டுப் போங்க, ஆறுனா உறைஞ்சுடும்.

இதுக்கு ஒரு அரை மணி நேரம் வேணும், உதவிக்கு ஒரு ஆளும் வேணும்னு ஆர்டர் எடுக்கும்போதே வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடுங்க, அந்தக் கூலியும் வெலைல சேரணும். 32 டிகிரிக்கு மேல இருக்குற எடத்துல கிரீமும் வெட்டுன பழமும் ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக் கூடாது, மாசமா இருக்குற பொண்ணு சாப்புடப் போறதால இதுல விட்டுக்கொடுக்காதீங்க. சடங்கு முடிஞ்சு பந்திக்கு உக்காரும்போது தட்டுல வைக்கச் சொல்லுங்க.